நூற்று முப்பதுக்கு மேல்

மார்ச் 4
எண்ணெயைச் சூடாக்கினால் அது வெப்பம் கடத்தும் திறன் குறையும். பெரும்பாலான திரவங்கள் அப்படித்தான். தண்ணீரோ தலைகீழ்; சூடு ஏற ஏற இன்னும் நன்றாகக் கடத்துகிறது. இன்று தொண்ணூறு டிகிரி வரை அளந்தேன், ஏறுமுகம்தான். எங்கள் ஆய்வகத் தலைவருக்கு வாயெல்லாம் பல். அவர்தான் என் கணவரும். வீட்டுக்கு வந்தால் அந்தப் பல் காணாமல் போய்விடும்.

மார்ச் 9
இருநூறு டிகிரியிலும் ஏறிக்கொண்டேதான் போகும் என்று கொதிகலன் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். அளக்காமலே! "நூத்தி முப்பதுக்கு மேல ஏறாதுங்க. அழுத்தம் குடுத்துக் கொதிக்காம வச்சாலும் மெல்ல இறங்க ஆரம்பிச்சிடும்" என்றேன். ஆய்வகத்தில் சிரித்தார். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு அறைந்தார். காது இன்னும் குய்யென்கிறது.

மார்ச் 10
கன்னம் வீங்கியிருக்கிறது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். இன்னும் எத்தனை தடவை வழுக்குவேன்?

மார்ச் 15
மூடிய எஃகுக் கலத்தில் அழுத்தம் ஏற்றி அளந்தேவிட்டேன். நூற்று நாற்பதை நெருங்கும்போதே ஏற்றம் நின்றது. நூற்று எழுபதில் இறக்கம் — கொஞ்சம்தான், ஆனால் சந்தேகமே இல்லை.
"நம்பரை மாத்து."
"மாட்டேன்."
முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். மூக்கில் ரத்தம் நிற்கவே இல்லை. பாவி, நாசமாப் போக! எழுதியதை அடிக்கப் போவதில்லை.

மார்ச் 16
"உனக்கு அளக்கவே தெரியல" என்று தானே கலத்தை இருநூறுக்கு ஏற்றினார். மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் அவ்வளவு சூடு தாங்காது. "வேணாங்க, பிச்சுக்கும்!" என்று கத்தினேன். என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு மூடியை இன்னும் இறுக்கக் கையைக் கொண்டுபோனார். வளையம் பிய்ந்தது. வலது கை முழுக்க நீராவி. தோல் வெந்து உரிந்து தொங்கியது. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. மின்சாரத்தை அணைத்து, அவரை வெளியே இழுத்துப் போட்டது நான்தான். ஏன் இழுத்தேன்?

ஏப்ரல் 2
அவரைப் பார்க்க இதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பயமில்லாமல் தூங்கினேன்.

ஜூன் 20
மாமியார் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "கட்டெல்லாம் பிரிச்சாச்சும்மா. விரல் நல்லா மடங்குது, கையை இறுக்கி மூடிக்கூடக் காட்டினான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றான்."
"அவரை உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க அத்தை" என்றேன்.
பூட்டு மாற்றுபவர் இப்போதுதான் வேலையை முடித்துவிட்டுப் போனார்.