மடத்துப் படியில் நின்ற என் மாப்பிள்ளைக்கு

பிரியமுள்ள மாப்ள சோணைமுத்து,

நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் கிடையாது. தெரிந்தும் எழுதுகிறேன். இரண்டு நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கிறது. ஆமாம், நாம் பட்டாளத்தில் கற்ற தொழில்தான் எனக்குக் கைகொடுத்தது. திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் நடுவே பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் ஒரு கரி பஸ் ஓட்டுகிறேன். மேட்டில் ஏற மறுத்தால் ஏறியவர்களே இறங்கித் தள்ளுகிறார்கள். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அதற்கு முக்கால் காரணம், பேச வேண்டிய நேரத்தில் பேசாத என் வாய்.

என் தங்கை பேச்சியைக் கட்டிய மறு வருஷமே நீ வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கிளம்பினாய். உன்னைத் தனியே விடக்கூடாதென்று நானும் வந்தேன். பர்மாவில் ஒரே லாரிக் கம்பெனி, ஒரே கூடாரம். உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பேச்சியிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். எப்படிப் பார்த்துக்கொண்டேன்?

அன்று காலை நமக்கு முன்னால் போன லாரி கண்ணிவெடியில் சிதறியது. முந்தின நாள் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேர் போய்விட்டார்கள். பக்கத்துக் கிராமத்தார்தான் ஜப்பான்காரனுக்குத் துணை என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. நம் ஹவில்தார் கிளம்பினார், அவர் பின்னால் ஒரு கூட்டமாகப் போனோம். கிராமத்தில் ஆண்கள் யாருமில்லை. பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் பிக்குகளின் மர மடத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். கதவை அடைத்துக் கொளுத்தச் சொன்னார் ஹவில்தார். லாரியிலிருந்து பெட்ரோல் டின்னைத் தூக்கி வந்தவன் நான்தான் மாப்ள.

நீ எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கையில் கிரீஸோடு ஓடி வந்தாய். எங்களைத் தாண்டி மடத்துப் படியேறித் திரும்பி நின்று, துப்பாக்கியை எங்கள் பக்கம் நீட்டினாய். நீ கத்தவில்லை.

“உள்ள இருக்கிறது பொம்பளையளும் பச்சப்பிள்ளையளும்தான். இதுக்கு மேல ஒரு ஆளு படியேறுனா சுட்டுருவேன். நம்மாளுன்னு பாக்க மாட்டேன்.”

ஹவில்தார் உன்னை எதிரியின் கைக்கூலி என்றார். நாலைந்து துப்பாக்கிகள் உன் நெஞ்சுக்கு நேராக நிமிர்ந்தன. நீ அவற்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

“மச்சான், அந்த டின்ன கீழ வையி.”

நான் வைக்கவில்லை. உன் பக்கம் வரவுமில்லை. உள்ளே ஒரு குழந்தை அழுவதும், யாரோ அதன் வாயைப் பொத்துவதும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றோமோ, ஆபீசரின் ஜீப் வந்த பிறகுதான் எல்லாரும் கலைந்தோம். மடம் எரியவில்லை.

விசாரணையில் உன்மேல் சொன்ன குற்றம், மேலானவர்மேல் துப்பாக்கி நீட்டியது. கொளுத்தப் போனதை ஒருவரும் சொல்லவில்லை. நீ சொன்னாய், அதற்குச் சாட்சி கேட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் பின்னால் நின்றேன், சரியாகத் தெரியவில்லை என்றேன். நீ திரும்பிப் பார்த்தாய். முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிழைத்துப் போ என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினாயே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

உன் பதவிப் பட்டையைப் பிடுங்கினார்கள், தண்டனை முகாமில் கல் உடைக்க வைத்தார்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் நான் வந்து உட்கார்ந்தபோது நீ கேட்டது ஒன்றுதான். “அந்தச் சனம் என்னாச்சு மச்சான்?” நல்லா இருக்காக என்றேன். ஒன்றும் தெரியாமலே சொன்னேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

இப்போது தெரிந்து சொல்கிறேன், கேள். சண்டை ஓய்ந்து திரும்பும்போது அதே பாதையில் வண்டியோட்டி வந்தேன். மடம் அப்படியே நிற்கிறது. படியில் ஒருத்தி மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். என் உடுப்பைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடுவதற்கு அவள் உயிரோடு இருந்தாள் மாப்ள.

ஊருக்கு வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சலில் போனாய் என்று மட்டும் பேச்சியிடம் சொன்னேன். ஆனால் ஒத்தக்கடைப் பக்கத்து ஆள் ஒருவன், நம் கம்பெனியில் இருந்தவன், சொந்த ஆட்கள்மேலேயே துப்பாக்கி தூக்கியவன் நீ என்று சந்தையில் சொல்லியிருக்கிறான். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பேச்சியிடம் கேட்டார்கள். அவள் என்னிடம் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பேச்சை மாற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, சண்டையில் செத்த நம்மூர்க்காரர்களின் பெயரைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவது பற்றிக் கூடிப் பேசினார்கள். உன் பெயர் வேண்டாம் என்றார்கள். பழைய சுபேதார் ஒருவர் என் பக்கம் திரும்பி, நீ கூட இருந்தவன்தானே, நடந்ததைச் சொல் என்றார். பேச்சி வாசலோரம் நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் அதே கேள்வி, அதே நான். இந்த முறை சொன்னேன். கண்ணிவெடி, மடம், டின், விசாரணையில் நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

சுபேதார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு உசுரு மிஞ்சியிருக்கும்லப்பா.”

மற்றவர்களின் பெயரை முதலில் எழுதுவோம், இதைப் பிறகு பார்ப்போம் என்று கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு நடக்கும்போது பேச்சி ஒன்றே ஒன்று கேட்டாள். “அவரு சொன்னப்ப அந்த டின்ன கீழ வச்சியாண்ணே?”

இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சோறு வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

இன்று காலை பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் என் பஸ்ஸில் ஏறினார். நேற்று பேச்சி தனியாக அவரிடம் போயிருக்கிறாள். எங்க வீட்டுக்காரர் பெயரை எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி என்றாளாம். பிறகு சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொன்னார். “அவரு என்ன செஞ்சாருன்னு கேக்குறவுகளுக்கு எங்கண்ணன் சொல்லும். சாகுற வரைக்கும் சொல்லட்டும்.”

அது மன்னிப்பா, தண்டனையா? பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

சொல்வேன் மாப்ள. பஸ்ஸிலும் சந்தையிலும் சொல்வேன். ஒத்தக்கடைக்குப் போய் அந்த ஆள் முகத்துக்கு நேராகவும் சொல்வேன். உன்னைக் கூட்டிச் சொல்ல மாட்டேன், என்னைக் குறைத்தும் சொல்ல மாட்டேன். மனசு அடங்குமா என்று தெரியவில்லை. அடங்காவிட்டாலும் சொல்வேன்.

பேச்சியின் அண்ணன்,
உன் மச்சான்,
பெருமாள்