கூடிய எலும்பும் அடங்காத வலியும்

என் அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பியும் சுகம். என் வலது கை மட்டும் இன்னும் சுகப்படவில்லை. எழுத்து கோழி கிறுக்கியதுபோல இருந்தால் சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன்.

உடைந்த மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது என்று எழுதியிருந்தேன். நீயும் சந்தோஷப்பட்டு, அங்கே வேலை செய்கிற வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எலும்பு கூடியது உண்மைதான். வலிதான் போகவில்லை. சட்டை உரசினாலே உயிர் போகிறது. கத்தரிக்கோல் பிடித்தால் நாலு வெட்டுக்கு மேல் முடியவில்லை. கடையை உன் தம்பிதான் பார்க்கிறான். அவன் முடிவெட்டும் லட்சணத்துக்கு வாடிக்கையாளர்கள் தொப்பி போட்டுக்கொண்டு போகிறார்கள்.

அவன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஒண்ணுமே இல்லையே, அக்காவ வரவழைக்க நடிக்கிறீங்களா" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிஜமாகவே நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகமும் வந்தது.

டாக்டரம்மாதான் புரியவைத்தார். எலும்பு உடைந்ததும் அந்த இடம் வீங்கிச் சூடாவது, அதை ஒட்டவைக்க உடம்பு செய்கிற வேலையாம். அழற்சி என்கிறார்கள். எலும்பு கூடியதும் அது அடங்க வேண்டும். சிலருக்கு அடங்காமல் அங்கேயே தங்கி நரம்புகளைச் சீண்டிக்கொண்டே இருக்குமாம். நாளாக ஆக, லேசாகத் தொட்டால்கூட அந்த நரம்புகள் அலறும். "எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், இது தெரியாது. உங்க வலி நிஜம்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திட்டும் வாங்கினேன். வலிக்கிறதே, எலும்பு மறுபடி விட்டுப்போயிருக்குமோ என்று பயந்து, கடையில் ஆட்களுக்குப் போர்த்துகிற துணியால் கையை அசையாமல் கட்டி வைத்திருந்தேன். அதனால் இன்னும் மோசமாகிவிட்டதாம். இனி மாத்திரையோடு, கையை மெல்ல அசைக்கவும் வேண்டும். தொடுதலுக்குப் பழக்க தினமும் பஞ்சால் வருடவும் வேண்டும். முழுக்கச் சரியாகுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

என் தலைமுடி தோளைத் தொடுகிறது. உன்னைத் தவிர யாரையும் நான் வெட்ட விட்டதில்லையே. சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, "ஆடாம இருங்க" என்று அதட்டுவாய். அந்த அதட்டலுக்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்.

தாராளமாகக் கையெழுத்துப் போடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. பஞ்சால் வருடும்போது கண்ணை மூடிக்கொண்டு, அது உன் விரல் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்போதும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் கையை இழுத்துக்கொள்வதில்லை.

பெரியவரைத் தூக்கும்போது உன் இடுப்பைக் கவனித்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டாலும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். போடாமல் வந்தால் கதவைத் தட்ட வேண்டியிருக்காது, வாசலில்தான் நிற்பேன்.

உன்னையே நினைத்திருக்கும்
உன் கணவன்