சம்பந்திக்கு, சாலை வராத சரிவிலிருந்து

சம்பந்தி, இன்று உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். வாசலில் கால் வைத்ததுமே சுண்ணாம்பு வாசனை. அளவெடுக்க வந்தவர்கள் முன்சுவரில் போட்டுவிட்டுப் போன சிவப்பு அம்புக்குறி, இரண்டு பூச்சுக்குப் பிறகும் வெளிறிய ரோஜா நிறத்தில் தெரிகிறது. மூன்றாவது பூச்சும் அடிக்கச் சொல்லிவிட்டு, வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் குறியைப் போட்ட அன்று ஊரே உங்கள் முற்றத்தில் கூடியது. சீசனில் வரும் கார்கள் ஊட்டிக்குள் நுழையாமல் சுற்றிப் போக ஒரு புறவழிச்சாலையாம். அது நம் சரிவை வெட்டிக்கொண்டு வருமாம். முதலில் போவது உங்கள் வீடு. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, தோட்ட வேலை பார்த்து, முதலில் தகரம், பிறகு செங்கல் என்று வருஷக்கணக்கில் கட்டிய வீடு. என் மகள் செல்வி வாழ வந்த வீடும் அதுதான்.

தினமும் வேலை முடிந்து எல்லோரும் அங்கே உட்கார்ந்தோம். மனு எழுதியது நான். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதிய மனுவில் பிழை கண்டுபிடிக்கிறவன் கண்டுபிடிக்கட்டும்.

நான் மட்டும் என் பிளாஸ்க்கோடு வருவேன். செல்வி கல்யாணத்துச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. என் பக்கத்து ஆட்கள் பந்தியில் உட்கார்ந்தபோது பாயாச வாளி காலி. அன்றிலிருந்து உங்கள் வீட்டில் நான் கை நனைத்ததில்லை. அந்தக் கோபம் நியாயமானது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நீங்கள் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. தேத்தண்ணி சுற்றி வரும்போது மட்டும், "சம்பந்தி பிளாஸ்க்குக்கும் ஒரு பாய் போடுங்கப்பா, அதும் போராட்டத்துக்கு வந்திருக்குது" என்பீர்கள். நான் முறைப்பேன். கூட்டம் சிரிக்கும்.

பிறகு ஒருநாள் அந்த அதிகாரி வந்தார். வரைபடத்தை உங்கள் மடியில் விரித்து, தணிந்த குரலில்தான் பேசினார். "பெரியவரே, கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளிடலாம். உங்க வீடு தப்பிச்சிடும். சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

நிலைப்படியில் செல்வி நின்றாள். நீங்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"கீழ மாரியம்மா ஊடு இருக்குதுங்க சார். அவளும் எங்ககூடக் கப்பல்ல வந்தவதான். அவ அடுப்பு மேல ரோட்டப் போட்டுட்டு நான் இங்க காலை நீட்டிப் படுக்கறதுங்களா?"

படத்தை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "உங்க பொண்ணு வாழற ஊடு. உங்களக் கேக்காமச் சொல்லிட்டேன். சரிங்களா சம்பந்தி?"

நான் பிளாஸ்க்கை ஓரமாகத் தள்ளி வைத்தேன். "செல்வி, எனக்கும் ஒரு தேத்தண்ணி குடும்மா" என்றேன்.

நீங்கள் விடுவீர்களா? "பாயாசமே வைக்கச் சொல்லட்டுங்களா?" என்றீர்கள். மாரியம்மா சிரித்த சிரிப்பு மேல் ரோடு வரை கேட்டிருக்கும்.

நம் சரிவில் சாலை வராது என்ற செய்தி, நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழித்துத்தான் வந்தது. அதைக் கேட்க நீங்கள் இல்லாதது எனக்குக் குறைதான். ஆனால் வீடு நிற்கிறது. கீழே மாரியம்மாவின் அடுப்பு புகைகிறது. செல்வி கேட்காமலே டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைக்கிறாள். எனக்கு இது போதும் என்றுதான் இருந்தேன்.

நேற்று அடுத்த சரிவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கோடு இப்போது அவர்கள் வீடுகள் மேல் விழுந்திருக்கிறதாம். "இங்க ஒரு பெரியவரு இருக்காராமே, அவரப் பாக்கோணுமுங்க" என்றார்கள்.

"அப்பா தவறிட்டாருங்க" என்றார் மாப்பிள்ளை. அவர்கள் படியிறங்கினார்கள். நான் ஸ்வெட்டரை மாட்டுவதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊடுதான் தப்பிச்சிருச்சே மாமா. இந்தக் குளிருல நீங்க போயி உக்காரோணுமா?" உங்கள் மகன்தான், இந்தப் பேச்சு மட்டும் யாரிடமிருந்து வந்ததோ.

"நில்லுங்க" என்று அவர்களைக் கூப்பிட்டேன். "நான் அவரோட சம்பந்தி. நாளைக்கு எத்தன மணிக்குக் கூடறீங்க?"