மஞ்சள் பாத்தி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினம் நான் கேட்கிற முதல் வேண்டுதல், மற்றதெல்லாம் அதற்கப்புறம். போன ஞாயிறு போனில் பார்த்தேன், கன்னம் பூசினாற்போல் இருக்கிறாய், சந்தோஷம். இங்கே குழாய் ஒழுகல் நின்றுவிட்டது, மாடிப்படிக்குப் பல்பு மாட்டியாச்சு, நீ அனுப்பின ஸ்வெட்டர் அப்பாவுக்குத் தோளில் தொங்குகிறது, ஆனாலும் கழற்ற மாட்டேன் என்கிறார்.

புதன்கிழமை அவரைப் பெரிய தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னதில் நீ குளத்தில் செருப்பை விட்டாயே, அதே தோட்டம். வலது கண் போனது போனதுதான், இடது கண்ணில் மங்கலாவது இருக்கிறதே, இருக்கும்போதே நாலு பூவைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இடது கண் தேவலை என்று உன்னிடம் சொல்கிறாரே, நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். முதியோருக்குப் பாதி டிக்கெட் என்றதும், மிச்சத்துக்கு டீ வாங்கிக்கொடு, கணக்குப் பிள்ளை என்று வம்புக்கு இழுத்தார். செடிக்குச் செடி பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். மகளோட பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீ எழுத்துப் படித்தது வீண்போகவில்லை என்று கேலி வேறு.

உனக்குத்தான் தெரியுமே, பெயின்ட் கடையில் நிறம் கலக்கியே தலை நரைத்த மனுஷர். நான் பச்சை என்றால் பாசி என்பார், சிவப்பு என்றால் செங்கல் என்பார், நிறம் பார்க்கத் தெரிந்திருந்தால் நீ என்னைக் கட்டியிருக்கவே மாட்டாய் என்பார். அவர் வாயைக் கிளற வேண்டுமென்றே நான் மாற்றிச் சொல்வதும் உண்டு. அங்கே ஒரு பாத்தி நிறைய மஞ்சள் பூ, கண் கூசுகிற மஞ்சள். பழைய நினைப்பில், பார்த்தீங்களா என்னா சிவப்பு என்றேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். ஆமாம், நல்ல சிவப்பு என்றார். களை எடுத்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து, என்ன பெரியவரே என்று ஆரம்பித்தார், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன், பாவம், குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது? சாயங்காலம் வரைக்கும் நான் சொன்ன நிறத்துக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஒரு சண்டைகூட இல்லை. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிடம், இந்த வருஷம் பூ நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். நரம்பே செத்துவிட்டதாம், ஆபரேஷன் சொட்டு மருந்து எதற்கும் இனி வழியில்லையாம், போன மாதமே அவரிடம் சொல்லிட்டேனே, வீட்டில் சொல்லலையா என்று என்னையே கேட்கிறார். அதனால் அங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் விசாரிப்பதை விட்டுவிடு அம்மா. ஆண்டவனிடம் மட்டும் இன்னும் கேட்கிறேன், பழக்கத்தில் வாய் கேட்கிறது, மனசு அதன் கூடவே வரமாட்டேன் என்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கோபிக்காதே, இரண்டு பேரும் குறைவில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாயே, இளைச்சுட்டியேம்மா என்று அப்பா எப்போதும்போல் சொல்வார். ஆமாம்ப்பா, கொஞ்சம் இளைச்சுட்டேன் என்று சொல்லிவிடு.

அப்பாவுக்குத் தெரியாமல் எழுதும்
உன் அம்மா