கல் ஆடும் இறக்கம்

எனக்கு முன்னால் ஓடுகிறவருக்கு,

மலையைச் சுற்றும் ஓட்டப் பந்தயத்தில் முக்கால்வாசி முடித்துவிட்டேன். காலில் ஒரு கொப்புளம்தான், பயப்படாதீர்கள். ஆபரேஷன் செய்த முழங்காலோடு நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, என்னை வழியனுப்பக்கூட எழுந்து வராததைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

இன்று சரிவில் இறங்கும்போது, எப்போதும் நீங்கள் முன்னால் ஓடிக்கொண்டே எனக்குச் சொல்வது என் வாயிலிருந்து வந்தது: "கல்லு ஆடுது, பாத்து!" பின்னால் வந்த யாரோ ஒரு பெண், "சரிக்கா" என்றாள். அப்புறம் என்ன, நாள் முழுக்க அவளுக்காகக் கத்தியே தொண்டை கட்டிவிட்டது. கூடாரத்துக்கு வந்ததும், "உங்களுக்கு யாரு சொல்றாங்கக்கா?" என்று கேட்டாள். தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

இதை இன்றிரவே கீழே இறங்கும் சாமான் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். நாளை கிளம்பிய இடத்திலேயே ஓட்டம் முடிகிறது. கடைசி இறக்கத்தில் கல் ஆடும். ஊன்றுகோலோடு வந்து நில்லுங்கள். எனக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

உங்களுக்குப் பின்னால் வருகிறவள்