கண் திறக்குமுன் பேசிய கருவி

செப்டம்பர் 9, இரவு.

கருவிகளை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் லினக்ஸ் கர்னல் என்ற மென்பொருளில் கைவைத்து, தூங்கும் சாதனங்களை மின்னல் வேகத்தில் எழுப்பிச் சம்பளம் வாங்கும் மாமன்னன் நான். சென்ற வாரம் அக்கா மகன் அந்தோணியின் வள்ளத்தில் இருக்கும் ஆழம் காட்டும் கருவியையும் விட்டுவைக்கவில்லை. பேட்டரியை மிச்சப்படுத்த அது தூங்கும். பொத்தானை அழுத்தினால் விழிக்க ஒன்றரை விநாடி பிடிக்கும். சென்சார் நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்கும்படி எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி அதை இயக்கும் டிரைவர் நிரலில் ஒரு வரி எழுதியிருந்தான். அதைத் தூக்கி எறிந்தேன். கருவி அழுத்திய கணமே விழித்தது. தேங்காய்ப்பட்டணமே அதிரப் பீற்றிக்கொண்டேன்.

இன்று காலை முகத்துவாரத்தில் அந்தோணி பொத்தானை அழுத்தியிருக்கிறான். சென்சார் எழும்புமுன் திரை ஓர் எண்ணைக் காட்டிவிட்டது. அது நடுக்கடலில் கடைசியாக அளந்த ஆழம். அதை நம்பித் திருப்பினான். வள்ளம் மணல்திட்டில் மோதியது. அவன் கால் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். “மக்கா, நீ எனக்க மருமவன்னு அந்த மணலுக்குத் தெரியாம போச்சே.”

“மிஷினு கண்ணு தொறக்குமுன்ன வாயத் தொறந்துட்டு மாமா. அப்படியே ஒங்களப் போல.”

அவன் மனைவி ஜெனிபர் சாயாவை நீட்டினாள். “குடிங்க மாமா. ஒன்றரை விநாடி மிச்சம் பிடிச்சுத் தந்திய. இனி ஆறு மாசம் இவிய கடலுக்கே போவண்டாம்.”

கழற்றிக் கொண்டுவந்த கருவியில் அந்த வரியைத் திரும்ப எழுதினேன். பொத்தானை அழுத்தினேன். ஒன்றரை விநாடி கறுத்த திரை. இந்த வாயை அவ்வளவு நேரம் நான் மூடி வைத்திருந்தது இதுவே முதல்முறை.