நீலக் காருக்கு ஒரு டிரெய்லர்

மார்ச் 4, செவ்வாய்

கார் இன்று காலைதான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் ஒரு குறையுமில்லாமல் ஓடிய வண்டி, வீட்டுக்குத் திரும்பும்போது மேம்பாலத்தின் நட்ட நடுவில் கிளட்ச் போய் நின்றுவிட்டது. பழுதான வண்டிகளைத் தூக்கிப்போகும் லாரியில் ஏறித் தெருவுக்குள் வந்து இறங்கினோம், நானும் காரும். எதிர்வீட்டு அம்மா பால்கனியிலிருந்து கையசைத்தார். ஊர்வலம் என்று நினைத்திருப்பார்.

மெக்கானிக் சொன்னது: "நாள் பூரா அதை விரட்டு விரட்டுன்னு விரட்டிட்டு, அதுலயே உக்காந்து வீட்டுக்கும் வரணும்னா எப்படி மேடம்? ஒரு டிரெய்லர் வாங்குங்க. போறப்பயும் வரப்பயும் காரு அது மேல சும்மா படுத்துக்கிட்டு வரட்டும்."

நியாயம்தான். ஆனால் டிரெய்லரை எது இழுக்கும்? எங்கள் வீட்டில் அந்தத் தெம்பு என் வீட்டுக்காரருடைய வேனுக்கு மட்டும்தான் உண்டு. சமையலறை அலமாரிகளை ஏற்றிப்போய் மாட்டிவிட்டு வரும் வேன். அதன் சாவியை இவர் இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை, என் கை உள்பட. ஆக, டிரெய்லர் வந்தால் கூடவே இவரும் வந்தாக வேண்டும். நான் டிராக்கில் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இவர் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை.

சாப்பிடும்போது கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் "பார்க்கலாம்" என்று சொன்ன எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 8, சனி

சம்மதித்துவிட்டார். நம்பவே முடியவில்லை. ஒரே நிபந்தனை: எந்த டிரெய்லர் என்பதை அவர்தான் முடிவு செய்வார். எனக்கென்ன, ஏப்ரல் 13-க்குள் வந்தால் சரி. அன்றைய ஓட்டத்துக்குப் போகாவிட்டால் எங்கள் ரேஸ் கிளப்பில் என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வாசலில் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், அத்தனை பேரும் என்னைவிடச் சின்னவர்கள்.

சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரை அளந்தார். நீளம், அகலம், உயரம். பிறகு தரையில் படுத்து, காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி. "இதுக்கு அடியில ஒரு டிராயர்கூட வைக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

நான் நினைத்தது திறந்த டிரெய்லர். எடை குறைவு. அவர் நினைத்தது நாலு பக்கமும் அடைத்த டிரெய்லர். வெயில், மழை, தூசி, திருடன் என்று அடுக்கினார். காருக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று மனம் குளிர்ந்துவிட்டது.

மார்ச் 15, சனி

இடுப்பு வலியோடு எழுதுகிறேன்.

டிரெய்லர் கடைக்குக் காரையே ஓட்டிக்கொண்டு போனோம். இவர் பார்த்து வைத்திருந்த மூடிய டிரெய்லர், ஒரு சின்ன வீடு மாதிரி இருந்தது. ஏற்றிப் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். கார் சரிவில் ஏறும்போதே முன்பக்கம் கர்ரென்று உரசியது, எனக்குப் பல் கூசியது. கடைக்காரர் இரண்டு மரப்பலகைகளை முட்டுக்கொடுத்தார். ஒருவழியாக உள்ளே போய்ச் சேர்ந்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்தேன்.

கை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. டிரெய்லர் சக்கரத்தின் மேல்மூடி உள்ளே புடைத்துக்கொண்டு கதவைத் தடுத்தது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே.

பின்னாலேயே எடுத்துவிடலாம் என்றால், முட்டுக்கொடுத்த பலகை ஒன்று நழுவிக் கீழே கிடந்தது.

கடைக்காரர் இருட்டுக்குள் தலையை நீட்டி, "ஜன்னல் வழியா வாங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்றார், ஏதோ எல்லாரும் அப்படித்தான் பிறக்கிறார்கள் என்பது போல. வந்தேன். முதலில் தலை, பிறகு ஒரு கை, பிறகு எதுவுமே வரவில்லை. இவர் வந்து தோளுக்கடியில் கைகொடுத்து, அலமாரியிலிருந்து மாட்டிக்கொண்ட டிராயரை உருவுவது போல ஆட்டி ஆட்டி உருவினார். கடைக்குத் தண்ணீர் கேன் போட வந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

இவர் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல். "நல்ல டிரெய்லர்தான்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

படுத்தே இருந்தேன். இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே, "ஜன்னல் பெரிசா இருக்கற காரா வாங்கியிருக்கலாம்" என்றார்.

மார்ச் 22, சனி

இன்று மூன்று கடை.

முதலாவதில் ஒற்றை அச்சு டிரெய்லர். ஒரு டயர் வெடித்தால் கதி என்ன என்றார். இரண்டாவதில் இரட்டை அச்சு. நம் வீட்டு கேட்டில் நுழையாது என்றார், அளந்தும் காட்டினார். மூன்றாவதில் இருந்ததுதான் நான் தேடியது. தளம் முழுவதும் பின்பக்கமாகச் சாய்ந்து தரையைத் தொடும், காரின் முன்பக்கம் எங்கேயும் உரசாது. ஏறியதும் தளம் தானாகச் சமமாகிவிடும். திறந்த டிரெய்லர், அதனால் கதவும் திறக்கும். கேட்டிலும் நுழையும். இதில் என்ன குறை சொல்ல முடியும்?

சுற்றிச் சுற்றி வந்தார். "பச்சை கலரு கண்ணை உறுத்துது" என்றார்.

தன் வேனுக்கே என்ன நிறம் என்று யோசித்துச் சொல்கிற மனிதர். டிரெய்லரை இழுக்கச் சொன்னால் நாளைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 25, செவ்வாய்

கிளப்பில் என்னோடு ஓட்டும் பல் டாக்டர் போன் செய்தார். அவர் பெரிய டிரெய்லருக்கு மாறுகிறாராம், பழையதை எனக்கே தருகிறேன் என்றார். அதுவும் சாய்கிற தளம். நிறம் கறுப்பு!

ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். டயர் பழசாக இருக்குமே என்றார். பார்க்காமலேயே.

அப்போ எனக்கு வந்துச்சே கோபம். வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்களேன், எதுக்கு இந்த நாடகம், எதுக்கு என்னை ஜன்னல் வழியா எல்லாம் இழுத்துப் போட்டீங்கன்னு கத்திட்டேன். இவர் வெளியே போய் வேனைக் கழுவினார். நேத்துதான் கழுவின வேன்.

மார்ச் 26, புதன்

நாத்தனாரிடம் புலம்பலாம் என்று போன் செய்தேன். பொதுவாகத் தம்பியை விட்டுக்கொடுக்காத அக்கா. இன்று "நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்று ஆரம்பித்தார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் எனக்குத் தெரியாமல் டிராக்குக்கு வந்திருக்கிறார். வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். வளைவில் ஒரு கார் சுழன்று மண்ணுக்குள் போய் நின்றிருக்கிறது. அது நான்தான் என்று நினைத்து, வேலியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் யாரோ ஒரு பையன் அந்தக் காரிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறான். அன்று சாயங்காலம் வேலைக்குப் போன இடத்தில் லேட்டாகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். நானும் காபி போட்டுக் கொடுத்தேன்.

"டிரெய்லர் வந்தா அவனே கொண்டுபோய் உன்னை விடணுமேம்மா. அதான் அவனால முடியல."

கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியவில்லை.

மார்ச் 29, சனி

நாத்தனாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "சிவப்பா ஒரு காரு. சுத்திக்கிட்டே போச்சு. நீதான்னு நினைச்சேன்."

"என் காரு நீலம்ங்க."

"அந்த நேரத்துல கலரா தெரியும்?"

"அன்னிக்கு என் கார் உங்க முன்னாடியே நாலஞ்சு தடவை போயிருக்குமே."

"ஏதோ போச்சு வந்துச்சு. எல்லாம் ஒரே மசமசன்னு இருந்துச்சு."

மசமச என்றதும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. கையைப் பிடித்து என் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். கிட்டத்தில் டேப்பின் சின்னக் கோடுகளையெல்லாம் படிக்கிற மனிதருக்கு மூன்றாவது வரிக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. "அது கோலமா எழுத்தா?" என்று கேட்டார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் வேன் ஓட்டியிருக்கிறார்.

கண்ணாடிக் கடை வைத்து ஊர்க்கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். இவர் கண்ணைப் பார்த்து எத்தனை காலம்?

மார்ச் 31, திங்கள்

கண்ணாடி தயார். மாட்டிக்கொண்டு கடை வாசலுக்குப் போனவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். எதிர் மரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது என்றார். திரும்பி வந்து என்னை உற்றுப் பார்த்தார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றார். நல்லவேளை, வேறு ஏதும் சொல்லவில்லை.

பிறகு, "அந்த டாக்டர் டிரெய்லரை வித்துட்டாரா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கறுப்பு டிரெய்லர் வந்துவிட்டது. டயர் நிஜமாகவே பழசுதான். இவர் புது டயர் போட்டு, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, தளத்தின் ஓரத்தில் ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்ததை அடித்து இறக்கினார்.

காலையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ரிவர்ஸ் பழகினோம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகிறது. இவருக்குத் தாங்கவில்லை. நான் பின்னால் நின்று கைகாட்டினேன்.

"வலது வலது."

"உன் வலதா, என் வலதா?"

"டிரெய்லரோட வலதுங்க."

இறங்கி வந்து, டிரெய்லருக்கு முகம் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய் என்றார். அதற்கே அரைமணி நேரம் போனது. மத்தியானம் ஒரு குப்பைத் தொட்டியைக் கீழே தள்ளினோம். அதைத் தூக்கி நிறுத்திவிட்டு இருவரும் அதன்மேலேயே சாய்ந்து சிரித்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டோம். உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியாது.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். பெரிய சாலையில் ஏறிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லரின் வால் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு வேனையே சேர்த்து உலுக்கியது. நான் பிரேக் போடச் சொல்லிக் கத்தினேன். இவர் போடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுத்தார். ஆட்டம் தானாக அடங்கியது. ஓரம் கட்டியபோது இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

தப்பு என்னுடையது. காரை நான்தான் ஏற்றினேன், ரொம்பப் பின்னாலேயே நிறுத்திவிட்டேன். பாரம் முன்பக்கம் இருக்க வேண்டும். இங்கேயிருந்து திரும்பிவிடுவோமா என்று நானே கேட்டேன். இவர் காரைக் கட்டியிருந்த பட்டைகளைத் தளர்த்தினார். இருவரும் சேர்ந்து காரை முன்னால் தள்ளி மறுபடி இறுக்கிக் கட்டினோம். அதற்கப்புறம் டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை.

டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வேலியோரம் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கண்ணாடி. அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி.

முடித்து வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன்.

"அந்த மூணாவது வளைவுல," என்றார், "ஏன் அவ்வளவு சீக்கிரம் பிரேக் போடற? உன் பின்னாடி வந்தவன் எல்லாம் அங்கதான் உன்னைத் தாண்டிப் போறான்."

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்றாவது வளைவைப் பற்றி இரண்டு நாளாகப் பேச்சு நிற்கவில்லை. நாத்தனாருக்கும் போன் போட்டு விளக்கியிருக்கிறார். அவர் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் லேட்டாதான் பிரேக் போடேம்மா, அவன் தொல்லை தாங்கல" என்றார்.

மே 9, வெள்ளி

ஞாயிறு அடுத்த ஓட்டம். கிளப் செயலாளர் மத்தியானம் போன் செய்து, புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் காலை வகுப்பு உண்டு, உங்கள் வீட்டிலிருந்து கொடுத்த பெயர் சேர்ந்துவிட்டது என்றார். எங்கள் வீட்டிலிருந்து யார் பெயர் கொடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

சாயங்காலம் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம் இவர் வந்தார். வேலை உடுப்பு, முழங்கையில் மரத்தூள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, ஃபிரேம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காது பக்கம் கம்பி மெல்லிசா இருக்கற மாதிரி ஏதாவது இருக்கா? தலையில எதையாவது மாட்டினா அழுத்தாம இருக்கணும்."

"தலையில எதை மாட்டப்போறீங்க?"

"சும்மா கேட்டேன்."

உள்ளே போய் ஒரு தட்டு நிறைய எடுத்து வந்து வைத்தேன். ஒன்றை மாட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை அழுத்திப் பிடித்தபடி தலையை இடமும் வலமும் சரக் சரக்கென்று திருப்பிப் பார்த்தார். நழுவவில்லை. அதையே எடுத்து வைத்தேன்.